கண்ணில் படாததற்கு ஒப்புதல் தேவையில்லை

சுயசார்பு வாரியத்தின் வலைத்தளத்துக்கு ஒரு மூலப்பிரதி உண்டு. அது கம்ப்யூட்டரில் இல்லை, இரும்பு அலமாரியில் இருக்கிறது. வாரியத்தின் வழக்கம் அப்படி. வலைத்தளத்தில் ஒரு பக்கம் போடுவதென்றால் முதலில் அதைத் தாளில் அச்சடிக்க வேண்டும். அச்சடித்ததில் அதிகாரிகள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், கடைசியில் தலைவர் பச்சை மையில் போடுவார். பிறகு தாள் அலமாரிக்குள் போகும், சாவி கண்காணிப்பாளரின் சட்டைப் பைக்குள் போகும். அன்றிலிருந்து அந்தப் பக்கம் எவர் வீட்டு எந்தத் திரையில் தெரிந்தாலும் அந்தத் தாளைப் போலவே தெரிந்தாக வேண்டும். மயிரிழை மாறினாலும் அது திரையின் குற்றம்.

இந்த வாரியம் யாருக்காக என்று கேட்டால் பதில் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. கண், காது, கால் இவற்றில் குறை உள்ளவர்கள் பிறர் தயவில்லாமல் வாழ்வதற்காக. பலகை நீளமான படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. ஏறி வந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

வலைத்தளப் பக்கங்களை எழுதுவது ஒரு பெண்ணின் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புதுசு. சேர்ந்து வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்கவில்லை, ஆகவே இன்னும் புதுசுதான். மாலை வகுப்பில் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் படித்தவள். கரைத்துக் குடித்தவள் என்று சொல்ல முடியாது. பெட்டி போடத் தெரியும், பெட்டிக்கு நிறம் கொடுக்கத் தெரியும், பெட்டி ஏன் இடது பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் முழிக்கவும் தெரியும்.

'இவர் பிறர் தயவில்லாமல் வாழக்கூடியவர்' என்று வாரியம் தரும் சான்றிதழுக்கான விண்ணப்பப் பக்கத்தை எழுதியவளும் அவள்தான். தலைவரின் மேஜைத் திரை எவ்வளவு அகலம் என்று கண்காணிப்பாளர் அளந்து சொன்னார், அவள் அந்த எண்ணை அப்படியே போட்டாள். எழுத்துக்கு வெளிர் சாம்பல், பின்னணிக்கு அதைவிட வெளிரிய சாம்பல்.

"கறுப்பு எழுத்துன்னா அதட்டுற மாதிரி இருக்கும்மா. சாம்பல்னா ஒரு கண்ணியம்," என்றார் கண்காணிப்பாளர்.

கண்ணியம் கூடிப்போய், பார்வை மங்கியவர்கள் வெற்றுப் பக்கம் என்று நினைத்து மூடிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பக்கமும் அதே சாம்பல்தான்.

புதுசுக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவளுடைய அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பெரிய மருத்துவமனையில் விசாரணைத் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தான். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த லிஃப்ட் ரிப்பேர், எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும், எல்லாம் அவன் நாக்கு நுனியில் இருக்கும். மறுமுனையில் அழுதுகொண்டு பேசுகிறவர்களிடம், "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க, நான் லைன்லதான் இருக்கேன்," என்பான். அதற்காகவே அவன் ஷிஃப்ட் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

அந்த மருத்துவமனைக்குப் புது மேலாளர் வந்தார். புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் அல்லவா, வந்த வேகத்தில் ஒரு சுற்றறிக்கை விட்டார். பார்வையில்லாத ஊழியர்கள் சுயசார்பு வாரியத்தின் சான்றிதழை மாதக் கடைசிக்குள் கொண்டுவர வேண்டும், கொண்டுவராதவர்கள் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பம் வலைத்தளத்தில் மட்டும். விண்ணப்பத்தின் கடைசி வரி இது: "இதனைப் பிறர் உதவியின்றி நானே பூர்த்தி செய்தேன் என உறுதி கூறுகிறேன்." பிறர் கை பட்டது தெரிந்தால் தள்ளுபடி. சுயசார்பு என்றால் சும்மாவா?

அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஃபோனில் பக்கத்தைத் திறந்தான். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் குரல் அவன் ஃபோனில் உண்டு. அது ஆரம்பித்தது. "கட்டம். கட்டம். கட்டம். கட்டம். பொத்தான்."

"எதுக்கான கட்டம்னு சொல்லுதா?" என்றாள் புதுசு.

"கட்டம்னு மட்டும்தான் சொல்லுது. சொல்றதைத்தானே சொல்லும், அதுவும் பாவம்."

"முதல்ல பேருதான் இருக்கும், போடுங்க," என்றாள் அண்ணி. அவன் பெயரைப் போட்டான். முதலில் இருந்தது பிறந்த தேதி. குரல் கண்டிப்பாகச் சொன்னது. "சிவப்பு நிறத்தில் உள்ள கட்டத்தைச் சரிசெய்யவும்."

அண்ணன் சிரித்துவிட்டான். "சிவப்புன்னா எப்படி இருக்கும்னு முதல்ல அதைச் சொல்லச் சொல்லு."

"குடுங்க இப்படி, நான் போட்டுத் தொலைக்கிறேன்," என்று அண்ணி கையை நீட்டினாள். "எதிர்வீட்டுப் பெரியவருக்கு அவர் பையன்தான் போட்டான். சான்றிதழ் வந்து சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க."

"உறுதிமொழி?"

"அதுவும் பையன்தான் குடுத்தான்."

"எனக்கு வேண்டாம். என் வேலையை நானே செய்வேன்னு நிரூபிக்க உன் கையால பொய் சொல்லணுமா?"

"அப்ப உங்க தங்கச்சியைக் கேளுங்க. அவ எழுதின லட்சணம்தானே இது!"

புதுசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. திரையில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் 'தேதி', 'பெயர்', 'முகவரி' என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் அந்த எழுத்தும் அந்தக் கட்டமும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நாம் தெரிந்துகொள்கிறோம். பார்க்காதவர்களுக்கு யார் சொல்வது?

அடுத்த விடுமுறை நாளில் பழைய வகுப்புப் பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் லேபிளோடு இணைத்தாள். சிவப்பு என்று மட்டும் சொல்லாமல் என்ன தப்பு என்று வார்த்தையில் எழுதினாள். எழுத்தைக் கறுப்பாக்கினாள். கல்லில் செதுக்கிய மாதிரி இருந்த அகலத்தைத் தூக்கிவிட்டு, பெரிய திரையில் இரண்டு பத்தியாகவும் சின்னத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் கட்டங்கள் தாமே அமர்ந்துகொள்ளும்படி செய்தாள். நடுவில் ஒரு பெட்டி காணாமல் போயிற்று. ஒரு மணி நேரம் திட்டித் தேடியதில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனது தெரிந்தது.

இன்னும் தளத்தில் ஏற்றாத அந்த மாதிரிப் பக்கத்தைத் திறந்து அண்ணனிடம் ஃபோனைக் கொடுத்தாள். "பிறந்த தேதி, முதலில் நாள்," என்றது குரல். "பெயர், எழுதும் இடம்," என்றது. அவன் கட்டைவிரல் தடங்கல் இல்லாமல் ஓடியது. அண்ணி கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

"இது ரொம்பக் கஷ்டமான வேலையாம்மா?" என்று கேட்டான்.

"இல்லண்ணா. கட்டத்துக்கு ஒரு வரி. அவ்வளவுதான்."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "ஒரு வரியா? ஒரு வரி இல்லாமத்தான் இத்தனை பேரு அடுத்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோமா?"

மறுநாள் புதுசு தன் ஃபோனில் புதுப் பக்கத்தைத் திறந்து கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். அவரிடம் இருப்பது அமுக்கிப் பேசும் பழைய ஃபோன், அதனால் இவளுடையதைப் பூச்சியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்தார். அலமாரியைத் திறந்து மூலப்பிரதியை எடுத்தார். தாளையும் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பத்தி இருக்கு. உன்னுதுல ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு பத்தி எங்க?"

"கீழ இருக்கு சார். தள்ளிப் பாருங்க."

"தள்ளிப் பாக்கறதுக்கு ஒப்புதல் யாரு குடுத்தது?"

அன்று மாலையே அவளுக்கு ஒரு மெமோ வந்தது. 'தலைவரால் கையொப்பமிடப்பட்ட பத்தி ஒன்று காணாமற் போனமை குறித்து விளக்கம் கோரல்.' அவள் விளக்கினாள். விளக்கம் புரியாததால் விஷயம், வாரியத்தின் சேவை எல்லாருக்கும் எட்டுகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைக் குழுவுக்குப் போயிற்று.

அணுகல்தன்மைக் குழு வாரியத் தலைவரின் தலைமையில் மூன்றாவது மாடியில் கூடும். லிஃப்ட் இரண்டாவது மாடி வரைதான் போகும். சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினர் ஒருவர் குழுவில் உண்டு. அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தம் தெரிவித்துக் குறிப்பு எழுதுவார்கள்.

புதுசு பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு போனாள். குழுவின் விதி அது, அச்சில் காட்ட வேண்டும்.

"ஒவ்வொரு கட்டத்தையும் அதோட பேரோட இணைச்சிருக்கேன் சார். படங்களுக்கு அடியில ஒரு வரி எழுதியிருக்கேன், பாக்க முடியாதவங்களுக்கு அந்தப் படத்துல என்ன இருக்குன்னு குரல் படிச்சுச் சொல்லும்."

தலைவர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எங்கம்மா இருக்கு? எனக்குத் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது சார். உள்ள இருக்கும்."

"தெரியாததுல நான் எங்கேன்னு கையெழுத்துப் போடறது?"

கேள்வி நியாயமானதாகப் பட்டதால் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு சந்தேகம். கண்ணு தெரியாதவங்க நம்ம பக்கத்துல வந்து எதைப் பாக்கப் போறாங்க?" அவர் குழுவின் நிபுணர்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் எழுதினார்கள். 'கண்ணில் படாதவற்றுக்குக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை.' ஒப்புதல் தேவையில்லாத ஒன்றைக் கொண்டுவந்து குழுவின் நேரத்தை வீணடித்ததற்காகப் புதுசைக் கடிந்துகொண்டார்கள். அடுத்து அகலத்தை எடுத்தார்கள். அதில் தலைவரே எழுந்து பேசினார்.

"பக்கம் திரைக்குத் தகுந்தபடி வளைஞ்சு குடுக்கணும்னு இந்தப் பொண்ணு சொல்லுது. நான் கேக்கறேன், இந்த வாரியம் இதுவரைக்கும் யாருக்காவது வளைஞ்சு குடுத்திருக்கா? சின்னத் திரைக்கு ஒரு மாதிரி, பெரிய திரைக்கு ஒரு மாதிரி காட்டுனா அதுக்குப் பேரு பாரபட்சம். ஏழை ஃபோனா இருந்தாலும் பணக்காரன் ஃபோனா இருந்தாலும் இந்த வாரியத்துக்கு முன்னால எல்லாத் திரையும் சமம்!"

மேஜையைத் தட்டினார்கள். இனிமேல் மூலப்பிரதிக்கும் திரைக்கும் வித்தியாசமே வராமலிருக்க ஒரு வழியையும் கண்டுபிடித்தார்கள். கையெழுத்தான தாளையே ஸ்கேன் செய்து, அந்தப் படத்தையே பக்கமாகப் போட்டுவிடுவது. கட்டங்களை மட்டும் படத்தின் மேல் அந்தந்த இடத்தில் ஒட்டிவிடுவது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்துக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. புதுசு பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தாள். வேலை போய்விடுமே என்ற பயம். இப்போது எழுத்து என்று பக்கத்தில் எதுவுமே இல்லை, எல்லாம் படம். தாளின் மடிப்பு, முத்திரை, ஓரத்தில் ஸ்கேனரில் சிக்கிய கண்காணிப்பாளரின் கட்டைவிரல், எல்லாம் தெளிவாக வந்திருந்தன. ஃபோனில் திறந்தால் அந்தக் கட்டைவிரல்தான் முதலில் தெரியும். மற்றதைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். அண்ணனின் ஃபோன், "படம்," என்று சொல்லிவிட்டுப் பழையபடி, "கட்டம், கட்டம்," என்று புலம்பியது.

இப்படி அணுகல்தன்மை முழுமையடைந்ததால் அதற்கு ஒரு விழா எடுக்க வாரியம் முடிவு செய்தது. கண்காணிப்பாளர் முதல்தடவையாகப் புதுசின் மேஜைக்கே வந்தார்.

"உன் அண்ணன் ஒருத்தர் இருக்காராமே? கண்ணு சுத்தமாத் தெரியாதுல்ல?" ரொம்ப ஆவலாகக் கேட்டார். "மேடையிலயே விண்ணப்பிக்கட்டும். தலைவர் முன்னால செஞ்சது, தள்ளுபடியா பண்ணுவாங்க?"

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அண்ணனின் நல்ல சட்டையை இஸ்திரி போட்டாள். அண்ணன், "கட்டம் எந்த வரிசையில இருக்குன்னு சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கறேன். மனப்பாடம் உதவியாகாதுல்ல?" என்று கேட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். தேதி, பெயர், முகவரி, தேதி, பெயர், முகவரி.

விழாவும் மூன்றாவது மாடியில்தான். படியேற முடியாதவர்களுக்குக் கீழே ஒரு டிவி வைத்திருந்தார்கள். காது கேளாதவர்களையும் அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். டிவியில் எழுத்து வராது. மேடையில் பெரிய தொடுதிரை ஒன்று நின்றது. கட்டங்களையெல்லாம் கண்காணிப்பாளர் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தார். "நேரம் மிச்சம்" என்றார். தொடுதிரையில் படித்துக் காட்டும் குரல் இல்லை. அண்ணன் தன் ஃபோனை எடுத்தான், அது "மணி பதினொன்று" என்று வாயைத் திறந்ததும் கண்காணிப்பாளர் வாங்கி அணைத்துவிட்டார். "தலைவர் பேசறப்ப நடுவுல அது பேசப்படாது."

தலைவர் பேசினார். "இவருக்கு இருட்டு. நாம வெளிச்சம். இன்னையிலேருந்து இவரு யார் தயவும் இல்லாம வாழப் போறாரு. எப்படின்னு கேளுங்க. நம்ம தயவால!"

கைதட்டல். பிறகு அவர் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நானே பண்ணிக்கறேன் சார், கட்டம் எல்லாம் எனக்குத் தெரியும்," என்றான் அண்ணன்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல." விரலைப் பிடித்து இழுத்துப் பொத்தானில் வைத்து அழுத்தினார். கேமராக்காரர் சரியாக விழவில்லை என்றதால் இன்னொரு தடவை அழுத்தினார். மைக்கில் முழங்கினார். "நான் கையைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் இவர் சொந்தக் காலில்தான் நிப்பாரு!"

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அண்ணன் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றான். யாரும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் பதில் வந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: 'விண்ணப்பதாரர் பொத்தானை அழுத்தப் பிறர் உதவி பெற்றுள்ளார். புகைப்பட ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.'

புதுசு தாளோடு ஓடினாள். "சார், அந்தப் பிறர் நம்ம தலைவர் சார்!"

"விழாப் பிரிவு வேற, ஆய்வுப் பிரிவு வேறம்மா," என்றார் கண்காணிப்பாளர், நிதானமாக. "தலைவர் கையைப் பிடிச்சது உண்மையா இல்லையா?"

"உண்மைதான். ஆனா எங்கண்ணன் கேக்கவே இல்லையே."

"கேக்காம பெற்றாலும் உதவி உதவிதானே. தலைவர் உதவி பண்ணலைன்னு எழுதித் தர்றியா? அவர் வருத்தப்படுவாரு."

மருத்துவமனையில் அண்ணனின் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கூப்பிட்டால் ஒரு இயந்திரம் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறது. அண்ணி சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள். "கண்ணில்லாத கபோதிங்க, உங்க வாரியத்துல இருக்கறவங்கதான்!" என்று கத்தினாள்.

"அந்தப் பேச்சை விடு," என்றான் அண்ணன். "அவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எனக்கு இல்லாதது அவங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான். அதை எங்க வைக்கறதுன்னுதான் தெரியல." பிறகு அவன் பேசவில்லை. பேச்சாலேயே பிழைத்த மனுஷன் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. புதுசுக்கு அழுகை வரவில்லை, கொலைவெறிதான் வந்தது.

அந்த வாரம் கண்காணிப்பாளர் விழாப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் அண்ணனின் விரலைப் பிடித்து அழுத்துகிற படம். விண்ணப்பப் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட வேண்டும். அச்சடித்த தாளில் பச்சைக் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

புதுசு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், படத்துக்கு அடியில பாக்க முடியாதவங்களுக்கு ஒரு வரி எழுதணுமே. அது என்னன்னு போடட்டும்?"

"தீர்மானம் படிக்கலையா நீ? கண்ணில் படாததுக்கு ஒப்புதல் தேவையில்லை. என்னத்தையோ போட்டுக்க, என்னைக் கேக்காத."

அவர் போன பிறகுதான் அவளுக்கு அது முழுசாகக் காதில் விழுந்தது. ஒப்புதல் தேவையில்லை. செய்யாதே என்று அந்தத் தீர்மானத்தில் எங்கேயும் இல்லை. குழு அவளை விரட்டுவதற்காகப் போட்ட கதவு அன்றிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது, அவள்தான் பயந்து வெளியே நின்றிருக்கிறாள். இந்தப் புத்தி ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அண்ணன் நாற்காலியில் இருந்திருப்பான். இதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தோடேயே உட்கார்ந்து எழுதினாள்.

தலைவரின் மேஜைத் திரை எவ்வளவு அகலமோ, அந்த அகலத்துக்கு மட்டும் மூலப்பிரதியை, கட்டைவிரலோடு, அப்படியே விட்டாள். அச்சடித்தாலும் அதுவே வரும்படி செய்தாள். மற்ற எல்லாத் திரைகளிலும் கறுப்பு எழுத்து வந்தது, கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாத் திரையிலும், தலைவருடையதிலும்கூட, ஒவ்வொரு கட்டத்துக்கும் குரல் படிக்கும்படி அதன் பெயரை உள்ளே எழுதினாள். வாரியத்தில் யாரும் ஃபோனில் வாரியத்தைப் பார்ப்பதில்லை. யாரும் அந்தக் குரலை இதுவரை கேட்டதுமில்லை. கடைசியாகப் படத்துக்கான வரியை எழுதினாள். ஒரு வரியில் அது முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் கையில் ஃபோனைக் கொடுத்தாள். வேண்டாவெறுப்பாக வாங்கினான். குரல் எப்போதும்போல உணர்ச்சியில்லாமல் படித்தது.

"படம். பார்வையில்லாத ஒருவரின் விரலை வாரியத் தலைவர் பிடித்து இழுத்துப் பொத்தானை அழுத்துகிறார். நானே செய்கிறேன் என்று அவர் சொன்னார். அவருடைய ஃபோனை அணைத்துவிட்டார்கள். பிறர் உதவி பெற்றார் என்று இந்தப் படத்தையே காட்டி அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அவருக்கு வேலை போயிற்று. கீழே உள்ள கட்டங்களுக்கு இப்போது பெயர் உண்டு. நீங்களே நிரப்பலாம். யாரையும் கையைப் பிடிக்க விடாதீர்கள்."

அண்ணன் மறுபடி முதலிலிருந்து படிக்க வைத்துக் கேட்டான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இதை அவங்க யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

"கேக்கறதா இருந்தா இதை எழுதற வேலையே இருந்திருக்காது அண்ணி."

அண்ணன் ஃபோனை மேஜைமேல் வைத்தான். கொஞ்ச நேரம் அதன்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, அத்தனை நாளுக்கு அப்புறம், விசாரணைத் தொலைபேசியில் பேசுகிற அந்தப் பழைய குரலில் சொன்னான்.

"கை தட்டுனாங்களேம்மா, எல்லாரும் எந்திரிச்சு நின்னு. அதை விட்டுட்டியே. சேத்துடு."